கொடிகள் பேசும் மொழி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

செய்தி சொல்லக் கொடி ஏற்றுவது தமிழருக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த பலவகைக் கொடிகளை நம் கண்முன் நிறுத்துகிறது. கற்றறிந்தோர் வாதுக்கு அழைத்து ஏற்றிய கொடி, கள் விற்கும் இடத்தைக் காட்டிய கொடி, மரக்கலங்களின் உச்சியில் ஆடிய கொடி என அவை பலவாகும். இன்றும் கடலில் கொடிகள் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. அம்மொழியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

ஆலைகள் சூழ்ந்த நம் பகுதிக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் உருவாகும் கார்கள் சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களின் வழியாகவே கப்பலேறி அயல்நாடு செல்கின்றன. அக்கப்பல்களில் பல நாட்டு மாலுமிகள் பணிபுரிகின்றனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனால் கொடிமரத்தில் ஏறும் வண்ணத் துணியின் பொருள் அனைவருக்கும் ஒன்றே!

வணிகக் கப்பல்களுக்கான பொதுக் கொடிக் குறியீட்டை 1857ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு முதன்முதலில் வெளியிட்டது. அது பலமுறை திருத்தப்பட்டு, இன்றுள்ள சர்வதேசக் குறியீடாக 1969இல் நடைமுறைக்கு வந்தது. இதில் ஆங்கில எழுத்துகளுக்கு 26 கொடிகள், எண்களுக்கு 10, மாற்றுக் கொடிகள் 3, பதில் கொடி 1 என மொத்தம் 40 கொடிகள் உள்ளன. ஒரே எழுத்து ஒரு செய்தியில் இருமுறை வந்தால் இரண்டாவது கொடிக்கு எங்கே போவது? அதற்காகவே மாற்றுக் கொடிகள். முதல் மாற்றுக் கொடியைக் கட்டினால், வரிசையில் முதலில் உள்ள கொடியை மீண்டும் படிக்க வேண்டும் என்பது பொருள்.

தனிக்கொடி ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு முழு வாக்கியமாகும். அவசரமானவையும் அடிக்கடி தேவைப்படுபவையும் ஒற்றைக் கொடியாகவே அமைந்துள்ளன. சிலவற்றைக் காண்போம்.

ஏ (வெள்ளையும் நீலமும்): நீருக்கடியில் ஆள் இறங்கியிருக்கிறார்; விலகி மெதுவாகச் செல்க.
பி (முழுச் சிவப்பு): அபாயகரமான சரக்கை ஏற்றுகிறோம், இறக்குகிறோம் அல்லது கொண்டுசெல்கிறோம்.
ஹெச் (பாதி வெள்ளை, பாதி சிவப்பு): துறைமுக வழிகாட்டி எம் கப்பலில் இருக்கிறார்.
ஓ (மூலைவாட்டில் சிவப்பும் மஞ்சளும்): கடலில் ஆள் விழுந்துவிட்டார்.
பீ (நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம்): கப்பல் புறப்படப்போகிறது, அனைவரும் வந்து சேருங்கள்.
க்யூ (முழு மஞ்சள்): கப்பலில் நோயில்லை, துறைமுகத்தில் நுழைய அனுமதி வேண்டும்.
வி (வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் குறி): உதவி தேவை.

இரு கொடிகள் சேர்ந்தால் வேறு பொருள். என், சி இரண்டும் சேர்ந்து பறந்தால் ‘ஆபத்தில் இருக்கிறோம், உடனே உதவி தேவை’ என்று பொருள். யு, டபிள்யூ சேர்ந்தால் ‘உம் பயணம் இனிதாகுக’ என்று வாழ்த்து. எம் என்ற எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகள் மருத்துவத்திற்கு உரியவை. டாக்டர் இல்லாத கப்பலும் நோயாளியின் நிலையைக் கரைக்குத் தெரிவிக்க அவை உதவும்.

கொடிகளில் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை ஆகிய ஐந்து நிறங்களே உண்டு. தொலைவிலிருந்து பார்க்கும்போது ஒன்றோடொன்று குழம்பாதவை இவை. வெளிர்நிறத்தின் பக்கத்தில் அடர்நிறத்தை வைத்திருப்பதையும் கவனிக்கலாம். வேறுபாடு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு தெளிவாகக் கண் பிரித்தறியும் என்பது ஒளியியல் பாடம் அன்றோ!

போர்க்கப்பல்களுக்கும் கொடிமொழி இன்றியமையாததாக இருந்தது. 1805ஆம் ஆண்டு டிரபால்கர் போருக்கு முன் நெல்சன் தம் படைக்கு ஒரு செய்தி அனுப்ப விரும்பினார். நாடு தம் வீரர்களை ‘நம்புகிறது’ என்பதே அவர் முதலில் கூறிய சொல். குறியீட்டுப் புத்தகத்தில் அச்சொல் இல்லை. எழுத்தெழுத்தாகக் கட்ட வேண்டியிருந்தது. ஆகவே கொடி அதிகாரியின் யோசனைப்படி, புத்தகத்தில் இருந்த ‘எதிர்பார்க்கிறது’ என்ற சொல் ஏறியது. ‘கடமை’ என்ற சொல்லும் புத்தகத்தில் இல்லை. அதை மட்டும் எழுத்தெழுத்தாகவே ஏற்றினார்கள்!

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்படும் முன்பு கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. அலை மிகுந்து படகும் செல்ல இயலாதபோது கரையில் எச்சரிக்கைக் கொடி ஏறும். மழைக்காலத்தில் வானொலியில் நாம் கேட்கும் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’ இம்மரபின் உடன்பிறப்பே. பகலில் கூம்பு, உருளை வடிவங்களும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் ஏற்றப்படும். 1ஆம் எண் தொலைவிலுள்ள ஆபத்தைச் சொல்லும். 8, 9, 10 பேரபாயம். 11ஆம் எண்ணோ வானிலை நிலையத்துடன் தொடர்பே அற்றுவிட்டது என்பதைத் தெரிவிக்கும். செய்தி வரவில்லை என்பதும் ஒரு செய்திதானே!

வானொலித் தொடர்பும் செயற்கைக்கோளும் வந்த பின்னும் கொடிகள் மறையவில்லை. இரவிலும் மூடுபனியிலும் அவை பயன்படா. காற்றில்லாவிடில் துவண்டு தொங்கும். எனினும் ஏற்றிய கொடிக்கு மின்சாரம் வேண்டாம், அலைவரிசை வேண்டாம், காண்போர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் அது சொல்லிக்கொண்டேயிருக்கும்.

இக்கொடிகளுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது பதில் கொடியே. ஒரு கப்பல் செய்தி ஏற்றினால், எதிர்க்கப்பல் அதைக் கண்டவுடன் பதில் கொடியைப் பாதி உயரத்திற்கு ஏற்றும். ‘பார்த்துவிட்டேன்’ என்பது இதன் பொருள். குறியீட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பொருள் விளங்கிய பிறகே கொடியை உச்சிக்கு ஏற்றும். அதுவரை செய்தி அனுப்பியவர் தம் கொடியை இறக்கமாட்டார். பார்ப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு என்பதைக் கடலோடிகள் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருக்கிறார்கள்!

நம் பகுதி ஆலைகளில் ஒடிசா, பீகார், அசாம் மாநிலத்தவரும் நம்மவரும் அருகருகே நிற்கின்றனர். இயந்திரத்தின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் அனைவரும் அறிவர். ஆனால் எழுத்துப் பலகையின் நிலை என்ன? என் தாயார் ஓர் ஆலையில் துப்புரவுப் பணி செய்கிறார். கையெழுத்திட மட்டுமே தெரிந்தவர். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்த எச்சரிக்கையின் எழுத்து வடிவங்களை ஒரு தாளில் பார்த்து வரைந்து வந்து, அதன் பொருளை என்னிடம் கேட்டார். பலகை மாட்டியவரின் கடமை மாட்டியதோடு முடிந்துவிடுமா? படிப்பவர் பதில் கொடி உச்சிக்கு ஏறியதா என்றும் பார்க்க வேண்டாமா?

வகுப்பறைக்கும் இது பொருந்தும். எங்கள் குடும்பங்களில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என் போன்றோர் பலர் இங்குண்டு. “புரிந்ததா?” என்று ஆசிரியர் கேட்கும்போது நாம் அசைக்கும் தலை, பல வேளைகளில் பாதி உயரக் கொடியே. புத்தகத்தைப் புரட்ட நமக்குச் சற்று நேரம் வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் அதுவரை தம் கொடியை இறக்காதிருக்கட்டும். நாமும் ஐயத்தைத் தயங்காமல் கேட்டு, நம் கொடியை உச்சிவரை ஏற்றுவோம்!