கடல்நீர்த் தொட்டிக்கு ஏற்ற நுரைக்கலம் எது?

வெல்லப்பாகு காய்ச்சுவோர், பாகு கொதித்து வரும்போது மேலே திரளும் அழுக்கு நுரையைக் கரண்டியால் வழித்து எறிவது வழக்கம். நுரையை எடுக்க எடுக்கப் பாகு தெளியும். எடுக்காமல் விட்டால் அழுக்கு மீண்டும் பாகிலேயே கலந்துவிடும். கடல்நீர்த் தொட்டிகளில் மீனும் பவளமும் வளர்ப்போர் பயன்படுத்தும் 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்னும் கருவியும் இந்த வேலையைத்தான் செய்கிறது. கடைகளில் இந்த ஆங்கிலப் பெயரே வழங்குகிறது. அழுக்கை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கலம் என்ற பொருளில் இதனை நுரைக்கலம் என்று தமிழில் வழங்கலாம்.

இன்று இக்கருவி பல வடிவங்களிலும் பல விலைகளிலும் விற்கப்படுகிறது. எதை வாங்குவது என்று தெரியாமல் பெரியதை வாங்கி ஏமாறுவோரும், மலிவானதை வாங்கி மீன்களை இழப்போரும் உளர். கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தவருக்கு இந்தக் குழப்பம் இராது.

நுரை எவ்வாறு அழுக்கைப் பிடிக்கிறது?

தொட்டியில் உள்ள மீன்களின் கழிவு, உண்ணாமல் எஞ்சிய உணவு, பவளவுயிர்கள் வெளியிடும் கோழை ஆகியவற்றிலிருந்து புரதமும் கொழுப்பும் நீரில் கலக்கின்றன. இப்பொருள்கள் பலவற்றின் மூலக்கூறுகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அவற்றின் ஒரு முனை நீரை நாடும். மறு முனை நீரை வெறுத்து விலகும். இத்தகைய மூலக்கூறுக்கு ஏற்ற இடம் காற்றும் நீரும் சந்திக்கும் எல்லையே. ஒரு முனையை நீரிலும் மறு முனையைக் காற்றிலும் வைத்துக்கொண்டு அது அங்கேயே ஒட்டி நின்றுவிடும்.

நுரைக்கலம் இந்த எல்லையைப் பல மடங்கு பெருக்குகிறது. ஒரு லிட்டர் காற்றை 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாகப் பிரித்தால், அவற்றின் மொத்தப் பரப்பு 3 சதுர மீட்டர் ஆகும். அதே காற்றை அரை மில்லிமீட்டர்க் குமிழிகளாக்கினால் பரப்பு 12 சதுர மீட்டராக உயரும். சிறு குமிழிகள் மெல்ல மேலேறுவதால் நீரோடு நெடுநேரம் உறவாடவும் செய்கின்றன. அழுக்கைச் சுமந்து மேலேறிய குமிழிகள் கலத்தின் குறுகிய கழுத்தில் நெருங்கித் திரள்கின்றன. நீர் வடிந்து கீழே செல்ல, கெட்டியான நுரை மட்டும் மேலுள்ள கிண்ணத்தில் வழிந்து விழுகிறது. தேநீர் நிறத்திலோ கரும்பச்சை நிறத்திலோ துர்நாற்றத்துடன் அங்கே சேரும் நீரே, தொட்டியிலிருந்து வெளியேறிய அழுக்கு.

நன்னீர் மீன்தொட்டிகளில் இக்கருவியை ஏன் காண்பதில்லை என்று சிலர் வினவக்கூடும். நன்னீரில் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகி உடைந்துவிடுகின்றன. கடல்நீரில் கரைந்துள்ள உப்புக்கள் அவ்வாறு கூடுவதைத் தடுக்கின்றன. அலையடிக்கும் கரையில் வெண்ணுரை ஒதுங்கிக் கிடப்பதும் இந்தக் காரணத்தைச் சார்ந்ததே.

செய்யும் வேலையும் செய்யாத வேலையும்

புரதம் நீரிலேயே கிடந்தால் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து அம்மோனியாவாக்கும். அது நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாறும். அம்மோனியா மீனைக் கொல்லும் நஞ்சு. மிகுந்த நைட்ரேட்டு பவளத்திற்கு ஒவ்வாதது. சிதைவு தொடங்குமுன்பே மூலப்பொருளை வெளியேற்றுவதே நுரைக்கலத்தின் சிறப்பு. ஆனால், முன்பே உருவாகிவிட்ட நைட்ரேட்டையும் கரைந்து நிற்கும் பாஸ்பேட்டையும் அது பிடிக்காது. அவை நீரை விரும்பிக் கரைந்திருப்பவை, குமிழியை நாடுவதில்லை.

மற்றொரு நன்மையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 25 பாகை வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும். கடல்நீரோ ஏறத்தாழ 6.7 மில்லிகிராமே கொள்ளும். வெப்பம் ஏற ஏற இந்த அளவு மேலும் குறையும். ஆகவே, வெப்ப நாடுகளில் உள்ள கடல்நீர்த் தொட்டிக்கு உயிர்வளி எப்போதும் சிக்கனமான பொருள். இரவும் பகலும் காற்றையும் நீரையும் கலக்கும் நுரைக்கலம் அக்குறையை ஈடுசெய்கிறது.

எனினும், இக்கருவியின் ஆற்றலை மிகையாக மதித்தல் ஆகாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் பெல்ட்மன் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இங்கே கருதத்தக்கவை. அவர் சோதித்த நுரைக்கலங்கள், நீரிலிருந்த கரிமப் பொருளில் அளக்கக்கூடிய மொத்தக் கரியில் ஏறத்தாழ 20 முதல் 35 விழுக்காட்டையே நீக்கின. வகைக்கு வகை பெரிய வேறுபாடும் காணப்படவில்லை. விலை உயர்ந்த கருவி வாங்கிவிட்டால் நீர் மாற்றும் வேலை இல்லை என்று எண்ணுவோர் இம்முடிவை மனத்திற் கொள்ளல் நலம்.

வளர்ந்த வரலாறு

பவளத் தொட்டிக்கு நுரைக்கலம் இன்றியமையாததா என்ற வினா புதியதன்று. ஜக்கார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, காற்றுக் குமிழி, கதிரவன் ஒளி ஆகியவற்றைக் கொண்டே கடலுயிர்களை வளர்க்கும் முறையை உலகுக்கு விளக்கினார். அதே காலப்பகுதியில், ஜெர்மனியில் எர்வின் சாண்டர் தொட்டிகளுக்கான நுரைக்கலங்களைப் பரவச் செய்தார். நீர் மேலிருந்து கீழும், குமிழி கீழிருந்து மேலும் செல்லும் எதிரோட்ட முறையே அவற்றின் அடிப்படை.

இவ்விரண்டையும் பின்னர் இணைத்தவர்கள் பெர்லின் நகர ஆர்வலர்கள். உயிர்ப்பாறை, வலிய ஒளி, வலிய நுரைக்கலம் ஆகிய மூன்றும் சேர்ந்த அவர்களின் முறை 'பெர்லின் முறை' என்றே பெயர் பெற்றது. பாறையில் வாழும் நுண்ணுயிர் ஒரு பங்கு வேலையையும், நுரைக்கலம் ஒரு பங்கு வேலையையும் செய்கின்றன என்பதே அம்முறையின் சாரம். இன்றைய பவளத் தொட்டிகள் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே.

வகைகள்

காற்றுக்கல் வகை: மரத்தாலான காற்றுத் துண்டின் வழியே காற்றைச் செலுத்திக் குமிழி உண்டாக்குவது. விலை குறைவு, ஓசையும் குறைவு. ஆனால் மரத்துண்டு சில வாரங்களில் அடைபடும். அடிக்கடி மாற்ற வேண்டும். சிறு தொட்டிக்குப் பொருந்தும்.

வெஞ்சூரி வகை: குழாயின் குறுகிய பகுதியில் நீர் விரைந்து பாயும்போது அழுத்தம் குறைய, காற்று தானே உள்ளே இழுக்கப்படும். வலிய பம்பு வேண்டும். ஆகவே மின்செலவு மிகும். நீரைப் பீய்ச்சிக் காற்றோடு மோதவிடும் பெக்கெட் வகையும் அவ்வாறே. பெரிய அமைப்புக்களுக்கே அது ஏற்றது.

ஊசிச்சக்கர வகை: பம்பின் சுழலியில் தட்டையான இதழ்களுக்குப் பதிலாக ஊசிகள் நிறைந்திருக்கும். உள்ளே வரும் காற்றை அவை அரைத்துப் பொடியாக்கும். குறைந்த மின்சாரத்தில் மிகுந்த நுண்குமிழி கிடைப்பதால், வீட்டுத் தொட்டிகளில் இன்று பெரிதும் வழங்குவது இதுவே.

அளவைத் தீர்மானித்தல்

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்பது நம் முன்னோர் மொழி. நுரைக்கலத்திற்கு இது முற்றும் பொருந்தும்.

முதலில் நீரின் உண்மை அளவைக் கணக்கிட வேண்டும். 120 சென்டிமீட்டர் நீளமும் 60 அகலமும் 60 உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு 432 லிட்டர். விளிம்புவரை நீர் நிரப்புவதில்லை. பாறையும் மணலும் இடத்தை அடைக்கும். ஆக, தொட்டியில் 340 லிட்டர் நீரும் அடித்தொட்டியில் 60 லிட்டர் நீரும் இருப்பதாகக் கொண்டால், மொத்தம் 400 லிட்டர்.

அடுத்து, உயிர்களின் சுமையைக் கருத வேண்டும். பெட்டியின் மேல் '800 லிட்டர் வரை' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் மீன் குறைந்த தொட்டிக்கான அளவு. நேர்மையான உற்பத்தியாளர் குறைந்த சுமை, நடுத்தரச் சுமை, மிகுந்த சுமை என மூன்றையும் தனித்தனியே குறிப்பர். மேற்கண்ட 400 லிட்டர்த் தொட்டியில் நாள்தோறும் பலமுறை தீனி உண்ணும் பெருமீன்கள் இருப்பின், மிகுந்த சுமைக்கு 400 லிட்டர் என்று குறித்த கலமே வேண்டும். பவளங்களும் நான்கைந்து சிறு மீன்களும் மட்டுமே இருப்பின், குறைந்த சுமைக்கு 400 முதல் 600 லிட்டர் என்று குறித்த கலம் போதும். அழுக்கின் அளவைத் தீர்மானிப்பது தொட்டியில் விழும் தீனியே. கண்ணாடியின் நீளம் அன்று.

பெரியதாக வாங்கினால் என்ன குறை? கழுத்து அகன்ற கலத்தில் நுரை நிலைத்து நிற்க, போதிய புரதம் வேண்டும். சிறிய தொட்டியில் அது கிடைக்காது. நுரை ஏறுவதும் விழுவதுமாக இருக்கும். கிண்ணம் வறண்டு கிடக்கும். பெருஞ்செலவில் வாங்கிய கருவி வெறும் காற்றூதியாக நின்றுவிடும். சிறியதாக வாங்கினாலோ, வரும் அழுக்கை அதனால் எடுத்து முடிக்க இயலாது. 75 லிட்டருக்குக் குறைந்த சிறு தொட்டியில் மீன் குறைவாக இருப்பின், வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினாலே போதும், கருவியே வேண்டுவதில்லை.

இடமும் மின்சாரமும்

அடித்தொட்டியினுள் வைக்கும் கலம், பின்புறக் கண்ணாடியில் தொங்கும் கலம் எனப் பல அமைப்புக்கள் உண்டு. அடித்தொட்டி உள்ளவர்கள் அதனுள் வைப்பதே நன்று. வாங்குமுன் கலத்தின் அடிப்பரப்பையும் உயரத்தையும் அளக்க வேண்டும். கிண்ணத்தைத் தூக்கி எடுக்க மேலேயும் இடம் வேண்டும். கலம் நிற்கும் நீரின் ஆழம் உற்பத்தியாளர் குறித்தபடி மாறாமல் இருத்தல் மிக முக்கியம். ஆழம் கூடினால் நுரை வழியும். குறைந்தால் நுரை எழாது. நம் நாட்டு வெப்பத்தில் நீர் விரைந்து ஆவியாவதால், கலத்தைத் தடுப்புள்ள அறையில் வைத்தலும், குறையும் நீருக்கு ஈடாக நன்னீரைத் தவறாமல் சேர்த்தலும் வேண்டும்.

கலம் ஓயாமல் ஓடுவது. 20 வாட் பம்பு ஓராண்டில் 175 யூனிட் மின்சாரத்தை விழுங்கும். 10 வாட் பம்பு அதில் பாதியே எடுக்கும். சில வெள்ளி மிச்சம் என்று மின்னை விழுங்கும் பம்பை வாங்குவது சிக்கனமாகாது. சுழலி முதலிய உதிரி உறுப்புக்கள் உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

வாங்கிய பின்

புதிய கலம் முதல் நாளே நுரை தராது. பிளாஸ்டிக்கில் ஒட்டியுள்ள எண்ணெய்ப் பசை கழிய, சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். பொறுமையிழந்து நாள்தோறும் திருகிக்கொண்டிருத்தல் கூடாது. கழுத்தில் படியும் வழுவழுப்பை மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை துடைத்தால் நுரை தடையின்றி ஏறும். காற்றுக் குழாயில் உப்பு படிந்தால் வெந்நீர் விட்டுக் கரைக்கலாம். பம்பில் படியும் சுண்ணாம்பைப் புளிக்காடியில் ஊறவைத்து நீக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. மின்சாரம் நின்றால் மேல்தொட்டி நீர் அடித்தொட்டிக்கு இறங்கி மட்டம் உயரும். மின்சாரம் மீண்டதும் கலம் பொங்கி, கிண்ணத்தில் சேர்ந்த அழுக்கு முழுவதையும் தொட்டியில் கொட்டிவிடக்கூடும். கிண்ணத்தை நிரம்பவிடாமல் வைத்தல் இதற்கு ஒரு காப்பு. மற்றொன்று, கலம் அறைக்காற்றையே உள்ளிழுக்கிறது. கொசுமருந்தோ பூச்சிமருந்தோ தெளித்த அறையில் கலம் ஓடினால், அந்நஞ்சு நேரே நீரில் கலக்கும். மனிதருக்கு இருமலாகக் கழிவது இறாலுக்கும் மீனுக்கும் உயிர்க்கேடாய் முடியும். காற்றுக் குழாயைத் தூய காற்று வரும் இடத்திற்கு நீட்டிவிடுதல் அறிவுடைமை.

நீரின் அளவு, தீனியின் அளவு, வைக்கும் இடம், மின்செலவு, துடைக்கும் எளிமை ஆகிய ஐந்தையும் இந்த வரிசையில் ஆராய்ந்தால், பொருத்தமான கலம் எது என்பது தானே விளங்கும். பவளமும் கடல்மீனும் கடலை விட்டுத் தாமாக வந்தவை அல்ல. மனிதன் விருப்பத்தால் கண்ணாடிக்குள் அடைபட்டவை. அலை செய்த வேலையை இங்கே செய்ய அலை இல்லை. அந்த வேலையைக் கருவியிடம் ஒப்படைப்பவர், அது ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்கும் கடமையையும் ஏற்றே ஆகவேண்டும்.