கடனும் ஊதியமும்

உழைத்து ஈட்டிய ஊதியம் முழுமையாகத் தம் கைக்கு வந்து சேரும் என்றே உழைப்பவர் எவரும் எதிர்பார்ப்பர். ஆயின், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்விக்கடனைத் திருப்பிச் செலுத்தாதோரின் ஊதியத்தில் ஒரு பகுதி, அவர்தம் கைக்கு வருமுன்பே கடனுக்காக எடுத்துக்கொள்ளப்படலாம். இதுவே ஊதியப் பிடித்தம் எனப்படும்.

அந்நாட்டில் 1965ஆம் ஆண்டு இயற்றப்பட்ட உயர்கல்விச் சட்டம், எளிய குடும்பத்து மாணவர்களும் கல்லூரியில் பயில வழிவகுத்தது. இன்று அங்குள்ள கல்விக்கடனில் பெரும்பகுதி நடுவண் அரசு வழங்கியதேயாகும். படிப்பை முடித்தவர் மாதத் தவணைகளாக அதனைச் செலுத்த வேண்டும். தொடர்ந்து 270 நாள்கள் செலுத்தத் தவறினால், அது தவறிய கடனாகக் கருதப்படும்.

தனியார் வங்கி தான் கொடுத்த கடனுக்காக ஒருவரது ஊதியத்தைப் பிடிக்க விரும்பினால், முதலில் வழக்குத் தொடுத்து நீதிமன்றத் தீர்ப்பைப் பெறவேண்டும். அரசுக் கடனுக்கோ அத்தகைய தீர்ப்பு தேவையில்லை. கடன் பெற்றவருக்கு 30 நாள்களுக்கு முன்னரே அறிவிக்கை அனுப்பிவிட்டு, அவர் பணிபுரியும் நிறுவனத்திற்கு நேரடியாக ஆணையிடலாம். ஆணையைப் பெற்ற நிறுவனம் தொகையைப் பிடித்து அனுப்பியே ஆகவேண்டும்.

இவ்வாறு பிடிக்கப்படும் தொகைக்கு வரம்பு உண்டு. வரி முதலியன போக எஞ்சும் ஊதியத்தில் 15 விழுக்காட்டிற்கு மேல் பிடித்தல் கூடாது. ஒருவருக்கு வாரந்தோறும் 600 டாலர் எஞ்சுமாயின், 90 டாலர் வரை பிடிக்கலாம். மேலும், ஒரு மணி நேரக் குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலரின் 30 மடங்கு, அதாவது வாரத்திற்கு 217.50 டாலர், உழைப்பவரிடமே விடப்படவேண்டும். எனவே, 230 டாலர் மட்டுமே எஞ்சுபவரிடம் 12.50 டாலருக்கு மேல் எடுக்க இயலாது. உண்ணவும் உறையவும் வழியின்றி ஒருவரைக் கடன் வாட்டிவிடக் கூடாது என்பதே இவ்வரம்பின் நோக்கமாகும்.

அறிவிக்கை பெற்றவருக்கும் உரிமைகள் உள்ளன. கடன்தொகை தவறானது என்றோ, பிடித்தத்தால் குடும்பம் இடருறும் என்றோ கூறி அவர் விசாரணை கோரலாம். 30 நாள்களுக்குள் கோரினால், விசாரணை முடியும்வரை பிடித்தம் தொடங்காது. காலம் கடந்து கோரினால் விசாரணை நடைபெறும். ஆனால், அதுவரை பிடித்தமும் நடைபெறும். பத்து மாதங்களுக்குள் ஒன்பது தவணைகளை ஒழுங்காகச் செலுத்தித் தவறிய நிலையிலிருந்து மீளவும் வழியுண்டு. தவணை தவறுமுன்பே விண்ணப்பிப்போர்க்கு, வருவாய்க்கேற்பத் தவணையைக் குறைக்கும் திட்டங்களும் உள்ளன.

அச்சத்தாலோ நாணத்தாலோ அறிவிக்கையைப் பிரிக்காமலே வைத்துவிடுபவர் இவ்வுரிமைகளை இழக்கிறார். வறுமை அவர் குற்றமன்று. ஆயினும், அவரது மௌனத்தைச் சட்டம் இசைவாகவே கொள்கிறது. கடன் ஆவணத்தில் கையொப்பமிடுமுன் அதனை முழுமையாகப் படித்தலும், தவணை செலுத்த இயலாதபோது உரிய காலத்தில் வாய்திறந்து கூறுதலும் கல்வி கற்றவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் பாதுகாப்பாகும்.