முப்பது நாளும் ஒரு கடிதமும்

ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பள்ளி வேன் ஓட்டும் நண்பர் ஒருவர், ஒரு மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் வருமான வரி வாரியத்தின் கடிதம். "சார், நான் தவணை தவறாமல் கட்டியவன். எனக்கு எதற்கு பெனால்ட்டி?" என்றார். குரலில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம்.

அவர் சொன்னது பொய்யில்லை. இரண்டு வேன்களும் லயத்து முனையில் ஒரு சிறு மளிகைக் கடையும் அவருக்கு உண்டு. சி.பி.500 என்ற தவணைக் கடிதப்படி, மார்ச் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஆறு தவணையாக 2,400 வெள்ளி கட்டியிருந்தார். அந்த ஆண்டுக்குரிய வரி 2,600. பாக்கி வெறும் 200 வெள்ளிதான். ஆனால் வந்த பெனால்ட்டியோ 390 வெள்ளி!

வாசகர்களே, நம்மில் பலர் இடறி விழும் இடம் இதுதான். தவணை கட்டுவது வேறு, கணக்குப் பாரம் கொடுப்பது வேறு. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, கட்டிய தவணையைக் கழிப்பதற்கு முன்னுள்ள முழு வரியை வைத்தே தண்டத்தைக் கணக்கிடுகிறது. மும்மடங்கு வரை விதிக்கவும் அதில் இடமுண்டு. நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே விதிக்கிறார்கள். வழக்கு மன்றத்துக்குப் போனால் 200 வெள்ளியிலிருந்து 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே, "எனக்கு வரியே வராது, பாரம் எதற்கு?" என்று இருந்துவிடாதீர்கள்.

சம்பளக்காரர்களுக்கு பி.இ. பாரம், கெடு ஏப்ரல் 30. வியாபாரம் உள்ளவர்களுக்கு பி பாரம். கெடு ஜூன் 30. கணினி வழி கொடுப்பவர்களுக்கு வழக்கமாக ஜூலை 15 வரை சலுகை தருகிறார்கள். அந்தச் சலுகையையும் தவறவிட்டால், தாமதத்தை ஜூன் 30-லிருந்தே எண்ணுவார்கள். முன்பெல்லாம் வரியை இலாகாவே கணக்கிட்டுச் சொல்லும். நாம் கடிதத்துக்குக் காத்திருந்தால் போதும். 2004-ஆம் ஆண்டு முதல் தனிநபர்களும் தாமே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. பெரியவர்கள் சிலர் இன்னும் அந்தக் கடிதத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

நண்பர் ஏன் தாமதித்தார்? ஜூன் மாத நடுவில் அவர் மனைவிக்குத் திடீரென அறுவை சிகிச்சை. காலையில் வேன், பகலில் ஆஸ்பத்திரி, இரவில் கடை. பாரம் அக்டோபரில்தான் போயிற்று. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வந்த கடிதத்தையும் குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டு நாளைக் கடத்தியிருக்கிறார். தேதியைப் பார்த்தேன். இருபத்து நான்கு நாள் ஓடியிருந்தது.

மேல்முறையீட்டுக்கு, நம் ஆட்கள் சொல்லும் "ராயுவானுக்கு", கடிதத் தேதியிலிருந்து 30 நாள் என்பதே கணக்கு. நம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து அல்ல. "பணத்தை முதலில் கட்டிவிடுங்கள்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாதா சார்?" என்றார். ஆகாது. முறையீடு நடக்கும்போதும் பணம் கட்டியாக வேண்டும். குறைத்தால் அந்தத் தொகை அவர் கணக்கில் வரவு வைக்கப்படும். கட்டாமல் இருந்தால்தான் சிக்கல் கூடும். பாக்கி 200 வெள்ளியைக் காலம் கடந்து கட்டியதற்குத் தனியே நூற்றுக்குப் பத்து வீதம் 20 வெள்ளி ஏற்கெனவே ஏறியிருந்தது.

அவர் எழுதிக்கொண்டு வந்த முதல் கடிதம் இரண்டு பக்கம். "நான் ஏழை, எனக்குச் சட்டம் தெரியாது" என்று தொடங்கியது. பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தும் சிவப்பு மையால் பெரும்பகுதியை அடித்துவிட்டேன். பாவம், முகம் சுருங்கிவிட்டது. சட்டம் தெரியாது என்பது அங்கே எடுபடாது. "தகுந்த காரணமின்றி" என்பதுதான் சட்டத்தின் சொல். அந்தக் காரணம் தேதியோடு இருக்க வேண்டும்.

மலாயில் ஒரு பக்கத்துக்குள் எழுதினோம். மேலே பெயர், அடையாளக் கார்டு எண், வரி எண், எந்த ஆண்டு, கடிதத்தின் தேதி. பிறகு மனைவி ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாள், வீடு திரும்பிய நாள், பாரம் கொடுத்த நாள். ஜூலையில் வீடு திரும்பிய பிறகும் ஏன் மூன்று மாதம் என்று கேட்பார்களே? அதையும் மறைக்கவில்லை, ரசீதுகளைத் திரட்ட ஆள் இல்லை என்று உள்ளபடியே எழுதினோம். முந்தைய ஆண்டுகளில் காலம் தவறாமல் கொடுத்ததை ஒரு வரியில் சேர்த்தோம். கடைசியில், தண்டத்தை ரத்து செய்யவோ குறைக்கவோ வேண்டுகோள். அதைச் செய்ய 124-ஆம் பிரிவு தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டு நகலையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்து, தம் கோப்பு இருக்கும் கிளையிலேயே கொடுத்து, நம் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டார். அந்த முத்திரைதான் நாள் தவறவில்லை என்பதற்குச் சாட்சி.

ஒன்று சொல்ல வேண்டும். வரித் தொகையே தவறு என்பவர்களின் வழி வேறு. அவர்கள் அதே 30 நாளுக்குள் கியூ பாரம் கொடுக்க வேண்டும். உடன்பாடு ஏற்படாவிட்டால் அது வருமான வரி சிறப்பு ஆணையர்கள் முன் போகும்.

நண்பருக்குப் பதில் வரச் சில மாதம் பிடித்தது. பாதியைத் தள்ளியிருந்தார்கள், 195 வெள்ளி வரவு. 20 வெள்ளி அப்படியே நின்றது. முழுவதும் கிடைக்கவில்லையே என்று அவருக்குக் குறைதான். ஆனால் இவ்வாண்டு ஜூன் முதல் வாரமே காலணிப் பெட்டி நிறைய டீசல் ரசீதும் மளிகை ரசீதும் கொண்டுவந்துவிட்டார். ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றதும், பெட்டி போதாது என்று இப்போது பிஸ்கட் டின் தேடிக்கொண்டிருக்கிறார்.