கைத்தொலைபேசியின் கண்ணாடி உடைந்தால்...

சென்ற ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, ஒரு மாலைப்பொழுதில், திருகோணமலை உட்துறைமுக வீதியிலே கடலைப் பார்த்தவாறு காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் பௌதிகவியல் பயிலும் உயர்தர மாணவன் ஒருவன் வாடிய முகத்துடன் வந்து நின்றான். அவன் நீட்டிய கைத்தொலைபேசியின் முகப்பிலே சிலந்தி வலை பின்னியதுபோற் கீறல்கள். ஒரு மூலையில் மை சிந்தியது போன்ற கரிய கறை.

"சேர், இரண்டு வருசக் குறிப்பும் இதுக்குள்ளைதான் கிடக்குது. கடையிலை கேட்கிற காசு அப்பாவாலை இப்ப ஏலாது. சாமானை மட்டும் வாங்கி வீட்டிலை வைச்சு மாத்தலாமோ?" என்றான்.

தந்தை கடற்றொழிலாளி. பரீட்சைக்கு எஞ்சியிருந்ததோ சொற்ப காலம். எனினும் "மாற்றலாம்" என்று சொல்ல என் நா உடனே எழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எனது கைத்தொலைபேசியை நானே திருத்தப் புகுந்து, அதற்கு ஈமக்கிரியையும் செய்து முடித்தவன் நான். உள்ளே இருக்கும் திருகாணிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் நீளத்திலே மயிரிழை வேறுபடும். குட்டை ஆணி இருக்கவேண்டிய குழியில் நெட்டை ஆணியை வைத்து முறுக்கினேன். அது கீழிருந்த மின்சுற்றுப் பலகையைத் துளைத்துவிட்டது. விஞ்ஞானப் பட்டதாரி என்ற செருக்கு அன்றோடு ஒழிந்தது.

முதலில் உடைந்தது எது என்று அறியவேண்டும். நாம் கண்ணாடி என்று சொல்வது ஒன்றன்று, மூன்று. மேலே காப்புக் கண்ணாடி. அதன்கீழ் விரலின் தொடுகையை உணரும் மெல்லிய படை. அடியிலே படங்காட்டும் பலகம். மேற்கண்ணாடியும் யன்னற் கண்ணாடியைப் போன்றதன்று. ஏறக்குறைய 400 பாகை செல்சியசில் உருகிய பொற்றாசியம் நைத்திரேற்றில் அதனைத் தோய்க்கிறார்கள். கண்ணாடியிலுள்ள சிறிய சோடியம் அயன்கள் வெளியேற, பருத்த பொற்றாசியம் அயன்கள் அவ்விடங்களில் நெருக்கியடித்துப் புகுகின்றன. மெலிந்தவர் இறங்கிய ஆசனங்களிலெல்லாம் பருத்தவர் ஏறி அமர்ந்த பஸ்வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள்! அந்த நெரிசலே மேற்பரப்புக்கு உரமாகிறது. 2007இல் வெளிவந்த முதல் ஐபோனுக்கு அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் இவ்வகைக் கண்ணாடியையே வழங்கியது. இத்தனை உரமேற்றியும் கூரிய கருங்கல் ஒன்று அதனை வென்றுவிடுகிறது.

மூன்று படைகளும் தெளிந்த பசையினால் ஒட்டப்பட்டவை. மேற்கண்ணாடி மாத்திரம் உடைந்து படம் பழுதின்றித் தெரிந்தால், அதனை மட்டும் பிரித்து மாற்றுவதற்கு இயந்திரங்கள் உண்டு. வீட்டிலே அது ஆகாத காரியம். கரிய கறை தோன்றினால் பலகமே போயிற்று என்று பொருள். அப்போது மூன்றையும் ஒருசேர மாற்றவேண்டும். பொறுமை உள்ளவர்க்கு இது வீட்டிலும் இயலும்.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு விறாந்தையிலே வெள்ளைத் துணி விரித்தோம். தொடுகை இன்னும் பாதி வேலைசெய்தமையால், முதலிற் குறிப்புகள் யாவற்றையும் கணினிக்கு மாற்றினோம். அப்போதே பையனின் கலக்கம் பாதி தீர்ந்தது. (இதைச் செய்யாமலே திருப்புளியைத் தேடுவோர் பலர்.) ஒரு தாளிலே பேசியின் உருவை வரைந்து, கழற்றிய ஆணி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் ஒட்டிவைத்தோம். கண்ணாடித் துகள் கண்ணிற் படாதிருக்க முகப்பின்மேல் ஒட்டுநாடாவைப் பரப்பினோம்.

பற்றரியைப் பற்றி மாத்திரம் சற்று அழுத்தமாகச் சொல்லவேண்டும். லிதியம் அயன் பற்றரி குத்துப்பட்டால் தீப்பற்றக்கூடும். மின்னேற்றம் நிறைந்திருந்தால் அபாயமும் மிகும். ஆதலின் ஏற்றத்தைக் காற்பங்குக்குக் கீழே இறக்கிய பின்பே தொடங்கினோம். மூடியைத் திறந்ததும் முதலிற் கழற்றியது பற்றரியின் இணைப்பையே. பற்றரி உப்பியிருக்கக் கண்டால் அங்கேயே நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோவதே அறிவு. விளிம்பு வளைந்த திரையும் மடிக்கும் பேசியும் வீட்டு வேலைக்கு உரியன அல்ல.

தலைமயிர் உலர்த்தியால் விளிம்பை இளஞ்சூடாக்கி, பிளாத்திக்குத் தகடு ஒன்றைச் செருகிப் பழைய திரையை மெல்லப் பெயர்த்தோம். புதியதை இணைத்ததும் படம் பளிச்சென்று தோன்றியது. பையன் பசைக் குழாயை எடுத்துவிட்டான். "பொறு தம்பி, எல்லா இடமும் தொட்டுப் பார்" என்றேன். மேற்புறத்தில் ஒரு விரலளவு இடம் தொடுகைக்கு மறுமொழி தரவில்லை! ஒட்டாதிருந்தமையால், விற்றவர் முணுமுணுத்தாலும் வேறொன்று மாற்றித் தந்தார். இரண்டாவது திரை குறையின்றி இயங்கிய பின்பே பசையிட்டு, இறப்பர் வளையம் மாட்டி, இரவு முழுவதும் விட்டுவைத்தோம்.

இவ்வளவு சிரமம் அவசியந்தானா? ஒல்லாந்தின் பெயார்போன் நிறுவனம் 2015இல் வெளியிட்ட பேசியிலே கருவி எதுவுமின்றித் திரையைக் கழற்றலாம். அப்பிள் நிறுவனமோ 2022 ஏப்பிரலில் அமெரிக்காவிலே பாவனையாளருக்கு உதிரிப்பாகம் விற்கத் தொடங்கி, கருவிகளையும் வாடகைக்கு அனுப்பிற்று; உள்ளங்கையளவு பேசியைத் திறக்க வந்த இரு பெட்டிகளின் நிறை ஏறக்குறைய 36 கிலோகிராம்! திருத்துவது எளிதாவதும் அரிதாவதும் செய்வோர் மனத்தைப் பொறுத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலே 2025 யூன் 20 முதல், விற்பனை நின்ற பின்னும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டும் என விதித்துள்ளனர். 2022இல் நமது ரூபாய் சில வாரங்களுக்குள் டொலருக்கு 200 என்ற அளவிலிருந்து 360 வரை சரிந்தபோது, உள்ள பேசியைத் திருத்திக்கொள்வதன் அருமையை நாம் கண்டோம்.

கடலோரத்தார்க்கு மேலும் ஒரு சொல். ஒருமுறை திறந்த பேசியின் விளிம்பு முன்போல் இறுகாது. நீர்காப்புத் தரத்தைச் சோதிப்பதும் நன்னீரிலேயே. உப்புக்காற்றோ இணைப்பு முனைகளைப் பச்சை பூக்க வைத்துவிடும். ஆகவே, தந்தையின் படகில் ஏறும்போது பேசியைப் பொலித்தீன் உறையிலிட்டுக் கட்டும்படி சொன்னேன்.

கழற்றிய திரையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கையுறை அணிந்து அதன் இரு முகங்களிலும் இருந்த மெல்லிய தகடுகளை உரித்தெடுத்து, மறுவாரம் வகுப்பிலே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுழற்றிக் காட்டினேன். ஒரு நிலையில் ஒளி ஊடுருவியது; காற்சுற்றுத் திருப்பியதும் இருண்டது. காரணம் கேட்டேன். பின்வரிசையிலிருந்து அவன்தான் எழுந்தான். "முனைவாக்கம், சேர்" என்றான்.