சீமையிற் படிக்கும் பிள்ளைக்குச் சிக்கனம் ஒரு துணை

கட்டுநாயக்கா விமான நிலையத்தின் வாசலிலே நின்று வழியனுப்பும் தாய், மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பட்டினி கிடக்காதை ராசா, காசைப் பாராமல் சாப்பிடு" என்கிறாள். சற்றுத் தள்ளி நிற்கும் தந்தையோ, "ஒவ்வொரு பவுணையும் கணக்குப் பார்த்துச் செலவழி" என்கிறார். இருவர் சொல்வதும் அன்பினால் எழுந்த அறிவுரையே. ஆயின் இரண்டையும் ஒருங்கே கைக்கொள்வது எப்படி என்பதை அந்தப் பிள்ளைக்கு எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பிரித்தானியாவில் உயர்கல்வி கற்கச் செல்லும் நம் மாணாக்கருட் பலருடைய பிரயாணத்தின் பின்னால் ஈடு வைத்த காப்புகளும், வங்கியிற் கிடக்கும் காணி உறுதியும், உறவினரிடம் வாங்கிய கைமாற்றும் இருக்கின்றன. அங்கே சென்றபின் ஒரு கோப்பைக் கோப்பியின் விலையை ரூபாவிலே பெருக்கிப் பார்த்து மனம் துணுக்குறாதவர் யார்? "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முதியோர் வாக்கு. அளக்கும் முறையை அறிந்துகொண்டால் வயிற்றையும் வாட்ட வேண்டியதில்லை. வீட்டாரையும் வருத்த வேண்டியதில்லை. அத்தகைய சில வழிகளைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து வாசிக்கும்பொருட்டு இங்கே தருகின்றோம்.

புறப்படுமுன்

முதற் சிக்கனம் பெட்டி அடுக்கும்போதே தொடங்குகிறது. நம் நாட்டிலும் பிரித்தானியாவிலும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றே; 230 வோல்ற்று. நாம் வழங்கும் 13 அம்பியர் சதுர முள் பிளக்கே அங்கும் வழங்குகிறது. ஆதலால் இங்கு வாங்கிய மடிக்கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் வேறு பிளக்கு மாற்றி வாங்க வேண்டியதில்லை. பழைய வட்ட முள் பிளக்கு மாத்திரம் அங்கே பொருந்தாது.

மிளகாய்த்தூள், மல்லித்தூள், சரக்குவகை ஆகியவற்றைக் காயவைத்து நன்றாகக் கட்டிக் கொண்டு செல்லலாம். ஆனால் இறைச்சியையும் பாலிலிருந்து செய்த பண்டங்களையும் இங்கிருந்து கொண்டுபோவது அந்நாட்டுச் சட்டத்துக்கு மாறு. அம்மா அன்போடு கட்டித் தந்த பொதி விமான நிலையக் குப்பைத் தொட்டியிலே விழுவதைப் பார்க்க எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வரும்?

இன்னொன்று பலரும் மறப்பது. இங்குள்ள கைத்தொலைபேசி எண்ணை அவசரப்பட்டுக் கைவிடலாகாது. உள்ளூர் வங்கிகள் அனுப்பும் இரகசிய எண் அந்த இலக்கத்துக்கே வருகின்றது. அது நின்றுவிட்டால் சொந்தக் கணக்கையே திறக்க முடியாமற் போகும். இரண்டு சிம் ஏற்கும் கைத்தொலைபேசியொன்று இருந்தால் ஒன்றில் ஊர் எண்ணையும் மற்றதில் அந்நாட்டு எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருந்தவாறே குறுஞ்செய்தி பெறுவதற்குக் கட்டணம் உண்டா என்பதைப் புறப்படுமுன் சேவை நிறுவனத்திடம் கேட்டறிந்துகொள்க.

பணம் கைமாறும்போது

பணம் அனுப்பும்போது கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறோமேயன்றி, எந்த விலைக்கு நாணயம் மாற்றப்படுகிறது என்று கேட்பதில்லை. "கட்டணம் இல்லை" என்று விளம்பரம் செய்வோரும் மாற்றுவிலையிலே தம் இலாபத்தை வைத்திருக்கக்கூடும். ஆயிரம் பவுண் அனுப்பும்போது மாற்றுவிலையில் நூற்றுக்கு மூன்று வீதம் வேறுபட்டால் முப்பது பவுண் கண்ணுக்குத் தெரியாமலே மறைந்துவிடும். ஆகவே "நான் இத்தனை ரூபா கட்டினால் பிள்ளையின் கையில் எத்தனை பவுண் சேரும்?" என்ற ஒரே கேள்வியை இரண்டு மூன்று இடங்களிற் கேட்டு ஒப்பிடுவதே சரியான வழி.

இலங்கை வங்கியொன்றின் அட்டையை அங்கே பயன்படுத்தும்போது, இயந்திரம் "ரூபாவில் கணக்கிடவா, பவுணில் கணக்கிடவா?" என்று வினவுவதுண்டு. ரூபா நமக்குப் பழகிய நாணயம் என்று அதனைத் தெரிவு செய்தல் பெரும்பாலும் நட்டமே. அந்நாட்டு நாணயத்தையே தெரிவு செய்க.

இருக்க ஓர் இடம்

மாணவரின் செலவில் முதலிடம் வாடகைக்கே. அறையை நேரிலோ, நம்பிக்கையான ஒருவர் மூலமோ பார்க்குமுன் ஒரு சதமேனும் அனுப்பக் கூடாது. அழகிய படங்களைக் காட்டி, இல்லாத வீட்டுக்கு முற்பணம் வாங்கும் மோசக்காரர் உண்டு.

இங்கிலாந்தில் 2019 ஆம் ஆண்டின் சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுணுக்குக் குறைந்த வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் வைப்புப்பணம் கேட்க இயலாது. சாதாரண வாடகை ஒப்பந்தமாயின், அந்தப் பணத்தை வீட்டுக்காரர் 30 நாட்களுக்குள் அரசாங்கம் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டமொன்றில் பதிய வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டு வாங்குக. குடிபுகும் முதல் நாளிலேயே சுவரிலுள்ள கறை, உடைந்த கதவு, மின்மானியின் எண் யாவற்றையும் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வைத்தால், வெளியேறும் நாளில் வழக்குக்கு இடமில்லை.

வீட்டிலுள்ளோர் அனைவரும் முழுநேர மாணவராயின் உள்ளூராட்சி வரி கட்ட வேண்டியதில்லை. இவ்விலக்கு எப்போதும் தானாக வந்து சேராது. பல்கலைக்கழகத்திடமிருந்து மாணவர் என்பதற்கான அத்தாட்சிக் கடிதம் பெற்று நகரசபைக்கு விண்ணப்பித்தல் நன்று.

குளிரும் மின்சாரமும்

2 கிலோவாற்று மின்சார ஹீற்றரை ஒரு மணித்தியாலம் எரித்தால் இரண்டு யூனிற் செலவாகும். யூனிற் 25 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால், தினமும் நான்கு மணித்தியாலத்துக்கு இரண்டு பவுண். மாதத்துக்கு அறுபது பவுண். மின்சாரப் போர்வையோ ஏறத்தாழ 100 வாற்று மாத்திரமே கொள்ளும். அதே நான்கு மணித்தியாலத்துக்கு அதன் செலவு பத்துப் பென்ஸ். அறை முழுவதையும் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக வைத்திருப்பதே மலிவு என்பது இதனால் விளங்கும். அடுக்கடுக்காக அணிந்த மெல்லிய ஆடைகளும் கம்பளிக் காலுறையும் அதற்கு உதவும்.

ஆயினும் குளிருக்குப் பயந்து சன்னலை ஒருபோதும் திறவாமல், உள்ளேயே ஈர உடைகளை உலர்த்தினால் சுவரிற் பூஞ்சணம் படியும். மார்புச் சளியும் கூடவே வரும். தினமும் சில நிமிடமேனும் காற்றோட்டம் வேண்டும். நோய் தரும் சிக்கனம் சிக்கனமாகாது.

அடுப்படியே அன்னபூரணி

வெளியில் ஒரு வேளை உண்ணும் பணத்தில் வீட்டிலே பல வேளை உண்ணலாம். அரிசியும் பருப்பும் பெரிய பொதியாக வாங்குவது மலிவு. நண்பர் நால்வர் பகிர்ந்துகொண்டால் சுமப்பதும் இலேசு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய சட்டியிற் பருப்பும் கோழிக்கறியும் சமைத்துப் பங்கு பங்காக உறைபெட்டியில் வைத்துக்கொண்டால், களைத்து வரும் நாட்களில் கடையை நாடும் எண்ணமே எழாது. சோற்றை மாத்திரம் சமைத்த பாத்திரத்திலே இரவு முழுதும் விட்டுவைக்கலாகாது. விரைவில் ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, அடுத்த நாளுக்குள் நன்றாகச் சூடாக்கி உண்ண வேண்டும்.

உறைய வைத்த மரக்கறி மலிவானது; சத்திலும் பெரிதாகக் குறைவதில்லை. பெரிய கடைகளில் அன்றைக்குள் விற்கவேண்டிய பாணுக்கும் பழத்துக்கும் மாலையில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டி விலை குறைப்பார்கள். எஞ்சிய உணவைக் குறைந்த விலைக்குப் பெற 'டூ குட் டு கோ' போன்ற கைத்தொலைபேசிச் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் மலிவு என்பதற்காகத் தேவையற்றதை வாங்குவது மிச்சமன்று, செலவே.

பிரயாணமும் வைத்தியமும்

16 முதல் 25 வயதுக்குட்பட்டோர்க்கென்று புகையிரதச் சலுகை அட்டையொன்று உண்டு. அவ்வயதைத் தாண்டிய முழுநேர மாணவரும் அதனைப் பெறலாம். 2025 மார்ச்சு முதல் அதன் விலை ஆண்டுக்கு 35 பவுண். அது கட்டணத்தில் மூன்றிலொரு பங்கைக் குறைக்கும். அறுபது பவுண் கட்டணமுள்ள பிரயாணம் இரண்டு போனாலே அட்டையின் விலை திரும்பிவிடும். காலை நேரப் பிரயாணத்துக்குக் குறைந்தபட்சக் கட்டண விதி இருப்பதையும் மறவாதீர். இலண்டனிற் படிப்போர்க்கு மாணவர் ஒயிஸ்டர் அட்டையும் உண்டு. பருவச் சீட்டுகளில் 30 வீதம் கழிவு கிடைக்கும்.

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது மாணவர் சுகாதாரக் கட்டணமும் செலுத்துகின்றனர். 2024 பெப்ரவரியில் அது ஆண்டுக்கு 776 பவுணாக உயர்ந்தது. இத்தனை பணம் கட்டியும் குடும்ப வைத்தியரிடம் பதியாமல், காய்ச்சல் வந்தபின் ஓடித் திரிவோர் பலர். சென்ற முதல் வாரத்திலேயே பதிந்துகொள்க, பதிவுக்குக் கட்டணமில்லை. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் உண்டு. குறைந்த வருமானமுள்ளோர் எச்.சி.1 எனும் படிவத்தை நிரப்பி விலக்குக் கோரலாம். ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் வட அயர்லாந்திலும் மருந்துச் சீட்டுக்குக் கட்டணமே இல்லை.

கணினியும் கைத்தொலைபேசியும்

விலை உயர்ந்த மென்பொருளை வாங்குமுன் பல்கலைக்கழகத்தை விசாரியுங்கள். பல பல்கலைக்கழகங்கள் மைக்ரோசொவ்ற் 365 ஐத் தம் மாணவர்க்கு இலவசமாக வழங்குகின்றன. இல்லையேல் லிப்ரே ஒபிஸ் யாவர்க்கும் இலவசம். உசாத்துணை நூல்களை ஒழுங்குபடுத்த ஸொட்டேரோவும் அவ்வாறே. பாடநூலை நூலகம் வைத்திராவிடின், வேறு நூலகத்திலிருந்து தருவித்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. நூலகரைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

'எடுரோம்' எனும் கம்பியில்லா இணையச் சேவையிற் பல்கலைக்கழகக் கணக்கை ஒருமுறை பதிந்துவிட்டால், அதிற் சேர்ந்த வேறு பல்கலைக்கழகங்களிலும் இலவசமாக இணையலாம். கைத்தொலைபேசியைத் தவணைக் கடனில் வாங்காமல், கையிலுள்ளதற்குச் சிம் மாத்திரம் வாங்குவது மலிவு. அந்நாட்டில் 3ஜி சேவை பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டது. ஆகவே 4ஜி வழியே குரல் அழைப்பு எடுக்கும் கருவியா என்று முன்னரே பார்த்துக்கொள்க.

ஆய்வேட்டை மூன்று இடங்களில் வையுங்கள்: கணினியில் ஒன்று, தனித் தட்டில் ஒன்று, இணையக் களஞ்சியத்தில் ஒன்று. ஒரு குவளைத் தேநீர் கவிழ்ந்து ஓராண்டு உழைப்பைக் கொண்டுபோக இடம் கொடாதீர். 2024 முடிவோடு அட்டை வடிவிலான வதிவிட அனுமதி மறைந்து மின்விசா அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அக்கணக்கோடு இணைத்த மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் மாறினால் உடனே திருத்துக.

குறுக்கு வழி வேண்டாம்

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் சாரம். பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலமே வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இரண்டு இடங்களில் வேலை செய்தாலும் இரண்டும் சேர்த்தே 20. முதுமாணி மாணவர்க்கு ஆய்வேடு எழுதும் கோடைகாலமும் பொதுவாகத் தவணைக் காலமே. சுயதொழிலுக்கு அனுமதியில்லை. ஆகவே இன்னொருவருடைய கணக்கை வாடகைக்கு எடுத்துத் துவிச்சக்கர வண்டியில் உணவு விநியோகிப்பது, எத்தனை பேர் செய்தாலும், விசாவையே இழக்கச் செய்யும் காரியம்.

அதனிலும் கொடியது ஒன்று: "உன் வங்கிக் கணக்கிற் கொஞ்சப் பணம் வரும், எடுத்துத் தா, பங்கு தருகிறேன்" என்று நண்பனைப்போல வந்து சொல்லும் பேச்சு. அது களவுப் பணத்தைக் கைமாற்றும் குற்றம். அறியாமற் செய்தேன் என்றாலும் கணக்கு மூடப்படும், சிறைவாசமும் நேரலாம்.

வீட்டாரின் கடனை எண்ணி, அவர்களுக்குச் சொல்லாமலே மேலதிக வேலைக்குப் போகும் பிள்ளை பிழையான எண்ணத்தோடு போவதில்லை, பாசத்தினாலேயே போகிறான். ஆனால் அந்தப் பாசம் படிப்பையும் விசாவையும் பறித்துவிட்டால், ஈடு வைத்த காப்பை மீட்பது யார்? சட்டத்துக்குட்பட்டு மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு பவுணும், சட்டத்துக்கு மாறாக உழைக்கவேண்டாத சில நிமிடங்கள் என்று எண்ணுங்கள். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். ஆண்டு வருமானம் 12,570 பவுணுக்கு உட்பட்டதாயின் வருமான வரி இல்லை. கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பக் கேட்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தொலைபேசியிற் பிள்ளையிடம், "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு, "கையில் எவ்வளவு இருக்கிறது? உண்மையைச் சொல்" என்றும் கேளுங்கள். கேட்டபின் கடிந்துகொள்ளாதீர்கள். பணமுடை என்று சொல்லத் துணிந்த பிள்ளைக்கு வழி பிறக்கும். பல்கலைக்கழகங்களிலே இடர் உதவி நிதியும் ஆலோசகரும் உண்டு. மறைக்கும் பிள்ளைக்கோ குறுக்கு வழியே கண்ணிற்படும்.

வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மாலை, கறி அடுப்பில் இருக்கும்போது, அந்த வாரச் செலவை ஒரு கொப்பியிலோ கைத்தொலைபேசியிலோ எழுதிப் பார்க்கட்டும். சட்டியும் நிறைந்திருக்கும், கணக்கும் நேராயிருக்கும். விமான நிலையத்திலே தாய் சொன்னதும் தந்தை சொன்னதும் அப்போது ஒன்றாகிவிடும்.