முட்டைப்பைப் புற்றுநோய்: மாதர் கூட்டங்களில் கண்டவை

நூல் விலை, கூலி விகிதம், பருத்திக் கொள்முதல் ஆகியவற்றுக்கென அமைந்த இப்பத்திரிகையில் ஒரு வியாதியைக் குறித்து எழுத இடம் தந்த ஆசிரியர் குழுவினருக்கு முதற்கண் எமது நன்றி உரியதாகுக. 2017ஆம் ஆண்டில் எமக்குச் சினைப்பையில் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சையும் ஆறு தவணை மருந்தும் பெற்று மீண்டோம். அது முதல் நமது சங்கத்து மாதர் கூட்டங்களிலும், அழைப்பு வந்த அண்டைச் சங்கங்களிலும் இந்நோயைப் பற்றிப் பேசி வருகிறோம். அப்படிப் பேசியதில் நாம் கண்டுகொண்டவை சில உண்டு. அங்கத்தினர்களின் இல்லங்களில் அவை பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதப் புகுந்தோம்.

கூட்டங்களில் முதன்முதல் எதிர்ப்பட்ட தடை நோயன்று, அதன் பெயர். கர்ப்பப்பை என்றால் அறியாத பெண் இல்லை. சினைப்பை என்றாலோ பலரும் விழிக்கின்றனர். அடிவயிற்றில் நேரும் தொல்லை எதுவாயினும் "கர்ப்பப்பைக் கோளாறு" என்று ஒரே மூட்டையில் கட்டிப் போடுவது நம் வழக்கமாகிவிட்டது. கர்ப்பப்பையின் இருபுறமும், பக்கத்துக்கு ஒன்றாக, ஏறக்குறைய வாதுமைப் பருப்பின் அளவில் அமைந்தவை சினைப்பைகள். மாதந்தோறும் கருமுட்டையை வெளியிடுபவை அவையே. முட்டைப்பை என்று சொன்னால் எளிதில் விளங்குவதைக் கண்டு, பேச்சில் அச்சொல்லையே கையாண்டு வருகிறோம். இக்கட்டுரையிலும் அதையே வழங்குவோம்.

பெயர்க் குழப்பத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. "ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொண்டேனே, ஒன்றுமில்லை என்றார்களே" என்று கூறும் சகோதரிகளை ஒவ்வொரு கூட்டத்திலும் காண்கிறோம். அவர்கள் செய்துகொண்டது கர்ப்பப்பை வாய்க்கான பரிசோதனை. மிக நல்ல பரிசோதனைதான். தவறாது செய்துகொள்ள வேண்டியதுதான். ஆயின் முட்டைப்பையைப் பற்றி அது ஒரு வார்த்தையும் கூறாது. பெண் குழந்தைகளுக்குப் போடப்படும் புற்றுநோய்த் தடுப்பூசியும் கர்ப்பப்பை வாய்க்கு உரியதே அன்றி இதற்கு உரியதன்று.

அப்படியானால் முட்டைப்பைக்கு என்ன பரிசோதனை என்று கேட்பார்கள். பேசுபவருக்குச் சங்கடம் இவ்விடத்தில்தான். தொல்லை ஏதுமில்லாத சாதாரணப் பெண்ணுக்குச் செய்து உயிர் காக்கத்தக்க பரிசோதனை இந்நோய்க்கு இன்றளவும் இல்லை. முயன்று பார்க்காமலும் இல்லை. பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை, 50 வயதுக்கும் 74 வயதுக்கும் இடைப்பட்ட 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களை ஓர் ஆராய்ச்சியில் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை, மற்றொரு பகுதியினருக்கு ஸ்கேன், எஞ்சியோருக்கு ஏதுமில்லை என்று பிரித்துப் பல்லாண்டுகள் கணக்கெடுத்தார்கள். 2021ஆம் ஆண்டில் வெளியான முடிவு யாதெனில், பரிசோதனை செய்துகொண்டோரிடையே இந்நோயால் மாண்டோர் தொகை குறையவில்லை என்பதே. ஆகவே, "ஆண்டுக்கு ஒருமுறை சென்று பார்த்து வாருங்கள்" என்று சொல்லி மேடையை விட்டு இறங்க எம்மால் இயலாது.

அந்த ரத்தப் பரிசோதனைக்குச் சி.ஏ.125 என்று பெயர். முழு உடல் பரிசோதனை என்று கட்டணம் வாங்கும் இடங்களில் இதனையும் சேர்த்து விற்பதுண்டு. அந்த எண் மாதவிலக்குக் காலத்திலும் உயரும். நம் தேசத்தில் மிகுதியாக உள்ள காசநோய் வயிற்றில் வந்தாலும் உயரும். புற்றுநோய் இருந்தும் உயராதிருப்பதும் உண்டு. தொல்லை கண்டபின் வைத்தியர் எழுதித் தந்தால் அது பயனுள்ள பரிசோதனை. திருவிழாக் கடையில் வாங்கி வரும் பண்டமன்று.

பரிசோதனை இல்லை என்பதோடு, அறிகுறியும் இல்லை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. ஓசையின்றிக் கொல்லும் நோய் என்று இதற்குப் பட்டமே சூட்டியிருந்தார்கள். அப்பட்டம் பொருந்தாது என்று நிலைநாட்டப்பட்டதில் ஒரு சிறு பத்திரிகைக்கும் பங்குண்டு. பத்திரிகை வாசகர்களாகிய நீங்கள் அதனை அறிய விரும்புவீர்கள்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து அமரில்லோ நகரில் சிண்டி மெலன்சன் என்னும் நர்ஸ் ஒருவர் இருந்தார். அவருக்கே இந்நோய் கண்டது. இந்நோயுற்ற பெண்கள் ஒருவரோடொருவர் செய்தி பரிமாறிக்கொள்வதற்காக 1990களில் அவர் ஒரு பத்திரிகை நடத்தினார். 'உரையாடல்கள்' என்று பொருள்படுவது அதன் பெயர். வைத்திய நூல்கள் அறிகுறி இல்லை என்று கூற, நோயுற்ற பெண்களோ முன்னதாகவே வயிற்றில் தொல்லை இருந்தது என்று சொல்லி வந்தார்கள். யார் கூற்று மெய்? சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்து டாக்டர் பார்பரா காஃப் முதலியோர் மெலன்சனோடு சேர்ந்து, இரண்டே பக்கம் கொண்ட வினாத்தாள் ஒன்றைப் பெண்களுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவின் 46 மாகாணங்களிலிருந்தும் கனடாவின் 4 மாகாணங்களிலிருந்தும் 1,725 பேர் நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள்.

முடிவு 2000ஆம் ஆண்டில் பிரசுரமாயிற்று. நூற்றுக்கு 95 பேர், நோய் இன்னதென்று தெரியுமுன்பே தமக்கு அறிகுறிகள் இருந்தன என்று எழுதியிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை வயிற்றையும் ஜீரணத்தையும் பற்றியவை. உதிரப்போக்கு போன்ற, பெண்களுக்கே உரிய குறிகள் மட்டும் கண்டவர் சிலரே. நான்கில் ஒருவருக்குமேல், நோயைக் கண்டறிய ஆறு மாதத்துக்கும் அதிகமாகக் காத்திருக்க நேர்ந்தது. ஒன்றுமில்லை, மனக்கவலை, இரைப்பைப் புண், குடல் கோளாறு என்பனவே அவர்களிற் பலருக்கு முதலில் கிடைத்த விடைகள்.

இதற்கும் மறுப்பு எழுந்தது. வயிறு உப்பாத மனிதர் உண்டா? எல்லாருக்கும் உள்ள தொல்லையை ஒரு நோயின் அடையாளம் என்பது எங்ஙனம்? நியாயமான கேள்விதான். அதே குழுவினர் சாதாரண மருத்துவ நிலையங்களுக்கு வந்த 1,709 பெண்களையும், முட்டைப்பைக் கட்டிக்காக அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களையும் ஒப்பிட்டு 2004ஆம் ஆண்டில் விடை கூறினார்கள். வயிற்று உப்புசம், வயிறு பெருத்தல், சிறுநீர்த் தொல்லை ஆகிய மூன்றும் சேர்ந்து காணப்பட்டது புற்றுநோயாளரில் நூற்றுக்கு 43 பேரிடம். மற்றப் பெண்களிடம் நூற்றுக்கு 8 பேரிடம் மட்டுமே. அன்றியும், மற்றவர்களுக்கு மாதத்தில் இரண்டு மூன்று முறை வந்துபோகும் தொல்லை, புற்றுநோயாளருக்கு ஏறக்குறைய நாள்தோறும் இருந்தது. அவ்வறிக்கையிலும் மெலன்சனின் பெயர் ஆசிரியர்களுள் ஒன்றாக அச்சாகியிருக்கிறது.

2007ஆம் ஆண்டில் அவர்கள் வகுத்த கணக்கையே நாம் கூட்டங்களில் சொல்லி வருகிறோம். வயிறு உப்பியிருத்தல் அல்லது பெருத்துவருதல். அடிவயிற்றிலோ வயிற்றிலோ வலி. சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுதல் அல்லது உண்ண இயலாமை. இவற்றில் ஒன்றேனும் புதிதாகத் தொடங்கி, அதாவது ஓராண்டுக்குள் வந்ததாக இருந்து, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் காணுமானால் வைத்தியரிடம் செல்ல வேண்டும். அடிக்கடியும் அவசரமாகவும் சிறுநீர் கழிக்க நேர்வதையும் வைத்தியர்கள் இதனோடு சேர்க்கிறார்கள். பல ஆண்டுகளாக அவ்வப்போது வந்துபோகும் வாயுத்தொல்லை வேறு; இது வேறு. அப்படிப் புதிதாகத் தோன்றும் தொல்லையிலும் பெரும்பாலானது புற்றுநோயன்று என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அச்சம் கொண்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, கோயிலுக்குப் போய்விடுகிறார்கள்.

எமது அனுபவமும் இதற்கு மாறானதன்று. குழித்தறியில் அமர்ந்தால், நெய்த துணியைச் சுருட்டும் படமரம் வயிற்றுக்கு எதிரே இருக்கும். முப்பது ஆண்டுகளாக ஒரே தறி, ஒரே இடைவெளி. அவ்வாண்டு ஆடியில் அந்த மரம் வயிற்றில் இடிக்கத் தொடங்கிற்று. கை கால் மெலிந்து வர, வயிறு மட்டும் முன்வந்தது. இரண்டாம் வாரமே வைத்தியரிடம் சென்றோம். புளிப்பு மாத்திரை கிடைத்தது. மீண்டும் சென்றபோது வேறு நிற மாத்திரை கிடைத்தது. மூன்றாமவர் வயதுதான் காரணம் என்றார். மூவரில் ஒருவரும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஐப்பசியில் வேறோர் ஆஸ்பத்திரியில், படிப்பு முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு பெண் டாக்டர் எம்மைப் படுக்கச் சொல்லி, இருபுறமும் தட்டிப் பார்த்து, உள்ளே நீர் கோத்திருக்கிறது என்று அன்றே ஸ்கேனுக்கு அனுப்பினார். முட்டைப்பையில் எழுந்த நோய் வயிற்றுச் சவ்வில் படரும்போது இவ்வாறு நீர் கோக்கும் என்று பிறகு அறிந்தோம்.

ஆகையால், "வைத்தியரிடம் செல்லுங்கள்" என்பதோடு நிறுத்துவது போதாது என்பது எமது துணிபு. சென்றவரிடம் என்ன சொல்வது என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். "வயிறு ஒரு மாதிரியாக இருக்கிறது" என்றால் மாத்திரைதான் கிடைக்கும். நம் பெண்களுக்குக் கணக்கு எழுதத் தெரியும். கூலி அட்டையில் ஒரு முழம் விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே அட்டையின் பின்புறத்தில், தொல்லை இருந்த நாளுக்கு ஒரு கோடு இடச் சொல்கிறோம். மாத முடிவில் கோடுகளை எண்ணி, "இந்த மாதம் பதினெட்டு நாள், சென்ற மாதம் பதினான்கு நாள், அதற்கு முன் கிடையாது" என்று கூற வேண்டும். பிறகு, "முட்டைப்பையில் ஏதேனும் இருக்குமா, ஸ்கேன் பார்க்கலாமா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். மாத்திரை தின்று இரு வாரத்தில் தீரவில்லையெனில் மறுபடி செல்ல வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுவோர் பலர். ஒத்திகைபோல் இருவரை எதிரெதிரே அமர்த்தி, ஒருவரை டாக்டராகவும் ஒருவரை நோயாளியாகவும் பேசச் சொன்னோம். சிரிப்பினூடே பழகிவிட்டார்கள். டாக்டர் வேஷம் போட்டவர்கள் நிமிர்ந்து பாராமலே சீட்டெழுதியது கண்டு எமக்கும் சிரிப்பு வந்தது.

ஒரு கூட்டத்தில் மட்டும் சிரிப்பு எழவில்லை. பின்வரிசையிலிருந்த இளம்பெண் ஒருத்தி எழுந்து, "அப்படியானால் அம்மாவை நாங்கள்தான் கவனியாமல் விட்டுவிட்டோமா, அக்கா?" என்று கேட்டாள். அவள் தாயார் இதே நோயால் முந்திய ஆண்டு காலமானவர். நான்கு முறை வைத்தியரிடம் அழைத்துச் சென்றிருக்கிறார்கள். இந்நோய் முட்டைப்பையோடு அடங்கியிருக்கையில் தெரிந்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டு தாண்டி வாழ்கிறார்கள் என்றும், தொலைவான இடங்களுக்குப் பரவியபின் தெரிந்தால் மூவரே என்றும் அமெரிக்கக் கணக்குகள் கூறுகின்றன. அறிகுறி தெரியும்போதே பலருக்கும் நோய் பரவியிருக்கிறது. விரைந்து கண்டால் அறுவைச் சிகிச்சையில் முழுவதையும் அகற்றும் வாய்ப்பு மிகும் என்று கூறலாமே தவிர, எல்லாரையும் காத்துவிடலாம் என்று உறுதி கூற எவராலும் இயலாது. நீங்கள் விட்டுவிடவில்லை என்று அவளிடம் கூறினோம். இப்பொழுதெல்லாம் எமது பேச்சைத் தொடங்குமுன்னரே, இந்நோயால் எவரையேனும் இழந்த வீட்டார் இங்கே இருந்தால் இதில் உங்கள் குற்றம் ஏதுமில்லை என்று கூறிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குகிறோம்.

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 3 லட்சத்து 24 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டதென்றும், ஏறக்குறைய 2 லட்சத்து 7 ஆயிரம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். மற்றச் சில புற்றுநோய்களைப் பற்றி மேடையேறிப் பேச, மீண்டவர்கள் பலர் இருக்கிறார்கள். இதில் பேச எஞ்சுவோர் சிலரே. எம்மோடு அடுத்தடுத்த கட்டிலில் மருந்து ஏற்றிக்கொண்ட ஐவரில் இன்று இருப்பவர் எம்மையன்றி ஒருவர். 2013 முதல் மே மாதம் 8ஆம் தேதியை இந்நோய்க்குரிய உலக நாளாக அனுசரிக்கிறார்கள்; நீலமும் பச்சையும் கலந்த நாடா ஒன்றை அணிகிறார்கள். நமது சாயப்பட்டறையில் மயில்கழுத்து நிறத்துக்கு அண்டையிலுள்ள நிறம் அது. நாடா நல்லதே. அந்த ஒரு நாள் கழிந்தபின் பேசுவதற்கும் ஆள் வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. இந்நோயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குடும்ப வழியாக வருவது. 1994, 1995ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்ட பிராக்கா ஒன்று, பிராக்கா இரண்டு என்னும் மரபணுக்களில் உள்ள பழுதே அதற்கு முதன்மையான காரணம். அதே பழுது மார்பகப் புற்றுநோயையும் உண்டாக்கும். ஆதலின் குடும்பத்தில் எவருக்கேனும் இவ்விரு நோய்களில் ஒன்று இருந்திருந்தால் அதனை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையால் அப்பழுதை அறியலாம், அறிந்தபின் முன்கூட்டியே காத்துக்கொள்ளவும் வழி உண்டு. பெண்களின் நோய் என்பதால் தாய்வழியை மட்டும் எண்ணிப் பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு சகோதரி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்தி, அப்பாவுடன் பிறந்த அத்தையும் இந்தக் கணக்கில் சேர்வாரா என்று கேட்டார். சேர்வார். தந்தை வழியாகவும் அப்பழுது வரும்; அவருக்கு நோயே இல்லாதிருந்தாலும் வரும்.