சோப்புக்கு ஒரு சுருக்குப்பை

குளியல் சோப்பு தேய்ந்து சில்லாகிவிட்டால் அதற்கு வீட்டில் மதிப்பில்லை. புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிப் பார்ப்போம்; இரண்டாம் நாளே பிய்த்துக்கொண்டு விழும். டப்பாவின் அடித்தண்ணீரில் ஊறிக் கொழகொழத்து, கடைசியில் சாக்கடைக்குப் போய்விடும். இதற்கு ஊசிப் பின்னல் தெரிந்தவர்கள் கண்ட வழி, பருத்தி நூலில் பின்னிய உள்ளங்கை அகலச் சுருக்குப்பை. சோப்பை உள்ளே போட்டு வாயை இழுத்துக் கட்டி, பையோடு சேர்த்துத் தேய்த்துக் குளிக்க வேண்டியதுதான். குளித்ததும் ஆணியில் மாட்டிவிடலாம். மிஞ்சும் சில்லுகளையும் அதிலேயே போட்டுக்கொண்டே வரலாம்; கடைசித் துணுக்குவரை கரைந்து பயன்படும்.

பழைய வேட்டியைக் கிழித்து ஒரு பை தைத்தால் போதாதா? போதாது. நெய்த துணியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கிட்டு இறுகி நிற்கின்றன. நூல் நெளிய இடமில்லை. பின்னலின் கதை வேறு. அங்கே ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து போகிறது; ஒவ்வொரு கண்ணியும் கீழ்வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து மேலே வருகிறது. திருப்பூர் பனியன் ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெளிப்பக்கம் ஆங்கில ‘வி’ வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். உட்பக்கம் அரைவட்ட வளைவுகள் தெரியும். இயந்திரம் பின்னினாலும் கை பின்னினாலும் அமைப்பு இதுதான். பனியனை இழுத்தால் அகலும், விட்டால் சுருங்கும். அப்போது நூல் நீள்வதில்லை. கண்ணியின் வடிவம்தான் மாறுகிறது. நாளுக்கு நாள் அளவு குறையும் பொருளுக்கு இப்படி நெகிழ்ந்து கொடுக்கிற உறைதான் சரி.

பின்னலின் இன்னொரு சொத்து அதன் துளைகள். நுரை என்பது காற்றுக் குமிழிகளின் கூட்டம். ஒவ்வொரு குமிழியையும் சோப்புத் தண்ணீரின் மெல்லிய படலம் சூழ்ந்திருக்கிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை விலகும். அதனால் இந்த மூலக்கூறுகள் படலத்தின் இரு பரப்பிலும் அணிவகுத்து நின்று, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. படலமும் சட்டென்று உடையாமல் தாங்குகிறது. ஆக, நுரைக்குச் சோப்பும் நீரும் மட்டுமல்ல, காற்றும் வேண்டும். வெறுங்கையில் தேய்க்கும்போது சேரும் காற்று கொஞ்சம்தான். பையிலோ ஒவ்வொரு துளையிலும் காற்று தங்கியிருக்கிறது. கசக்கும்போது காற்றும் சோப்பு நீரும் நூற்றுக்கணக்கான சிறு துளைகளின் வழியே பிதுங்கி வர, பெரிய குமிழிகள் உடைந்து பொடிக் குமிழிகளாகின்றன. கை கொள்ளாத அளவு நுரை, கெட்டியாகவும் சட்டென்று அடங்காமலும் வருவது இதனால்தான். பீர்க்கங்காய் நாரில் சோப்பைத் தேய்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கும் துளைகள்தான் வேலை செய்கின்றன.

எந்த நூல் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பருத்தியே நல்லது. நனைந்த பருத்தி நூல் உலர்ந்ததைவிட வலுவானது. ரேயான் இதற்கு நேர்மாறு, நனைந்தால் தளர்ந்துவிடும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீர், சோப்பின் காரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, பை சுருங்கித் தடித்துப் போகும், திரும்ப விரியாது. இதையே வேண்டுமென்று செய்பவர்களும் உண்டு. பின்னாத கம்பளி இழையைச் சோப்பின்மேல் சுற்றி வெந்நீரில் தேய்த்து, அதற்கு இறுக்கமான சட்டையே போட்டுவிடுவார்கள். அது தனிக் கலை. அக்ரிலிக் நூல் கடையில் மலிவாகக் கிடைக்கும். தண்ணீரை உறிஞ்சாது, இழையும் உதிர்க்கும். ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் கழிவுநீரில் கலக்கலாம் என்று பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கணக்கிட்டார்கள். தினமும் உடம்பில் தேய்க்கிற பைக்கு அந்த நூல் வேண்டாம்.

பருத்திக்கும் பின்னலுக்கும் உறவு பழையது. இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஊசிப் பின்னல்களில், எகிப்தில் கிடைத்த நீலமும் வெள்ளையும் கலந்த பருத்திக் காலுறைகள் உண்டு. அவை சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை. கையால் போட்ட கண்ணியைப் பொறிக்குக் கற்றுத் தந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் லீ, 1589-இல்.

இனிப் பின்னுவோம். 4 மி.மீ. ஊசி, நடுத்தரத் தடிமனில் பருத்தி நூல். இந்தச் சேர்க்கையில் 10 செ.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய 20 கண்ணிகள் வரும். 100 கிராம் சோப்பு சுமார் 8 செ.மீ. நீளம், 5.5 செ.மீ. அகலம், 3 செ.மீ. கனம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பை தட்டையாக இருக்கையில் அகலத்தையும் கனத்தையும் கூட்டிய 8.5 செ.மீ. தேவை. 20 கண்ணி போட்டால் தையலுக்குப் போக சரியாக இருக்கும். எல்லா வரிசையையும் நிட் (நேர்) கண்ணியாகவே போடுங்கள், பர்ல் (எதிர்) கண்ணி வேண்டாம். இரு பக்கமும் வரிவரியாக மேடு எழும்பி உடம்பை இதமாகத் தேய்க்கும், ஓரமும் சுருளாது. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றினால் பனியனைப் போல வழவழப்பான துணி கிடைக்கும். வெட்டிய பனியன் ஓரம் மாதிரியே சுருண்டும் தொல்லை கொடுக்கும்.

ஐந்தாவது வரிசையில் நாடாவுக்கான துளைகள். முதலில் ஒரு கண்ணி. பிறகு நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, அடுத்த இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். இப்படி ஒன்பது முறை. கடைசியில் ஒரு கண்ணி. சுற்றினால் ஒன்று கூடுகிறது, சேர்த்தால் ஒன்று குறைகிறது. வரிசை முழுக்கத் துளை விழுந்தும் கண்ணி 20-தான்! பின்னலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. துணி 28 செ.மீ. நீளும்வரை பின்னி, முடிக்க ஐந்து வரிசை இருக்கும்போது மறுபடி அதே துளைவரிசை. கண்ணிகளை மூடி, இரண்டாக மடித்து, பக்கங்களை அதே நூலால் தைத்துவிடுங்கள். பை முழுவதையும் பெரிய துளைகளாகவே பின்னுவது அழகுதான். ஆனால் சில்லுகள் நழுவிவிடும்.

நாடாவுக்கு, ஒன்றரை மீட்டர் நூலை இரட்டையாக எடுத்து ஒரு முனையை ஆணியில் மாட்டி, இறுகும்வரை முறுக்கி நடுவில் மடியுங்கள். முறுக்கு அவிழத் துடிக்கும். அந்தத் துடிப்பிலேயே இரு பாதிகளும் எதிர்த்திசையில் ஒன்றையொன்று சுற்றிப் பூட்டிக்கொள்ளும். கயிறு திரிப்பவர்கள் நம்பியிருப்பது இந்த விதியைத்தான்.

பராமரிப்புக்கு வருவோம். கிருமி தடவிய சோப்புக் கட்டியால் கை கழுவச் செய்து பார்த்த 1988-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கைக்குக் கிருமி தொற்றியதாகத் தெரியவில்லை. அது வெறும் சோப்புக்கு. பையோ ஈரத் துணி, அதில் பூஞ்சை வளரும். காற்று வருமிடத்தில் மாட்டுங்கள். வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். ஆளுக்கொரு பை இருக்கட்டும். கைக்குழந்தையின் தோலிலும் புண் இருக்கும் இடத்திலும் தேய்க்க வேண்டாம். உப்புத் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பொருக்காகிப் பையை விறைக்கச் செய்யும்; வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் பெருமளவு இளகும். எங்காவது ஒரு கண்ணி அறுந்தால் அன்றைக்கே ஊசி நூலால் பிடித்து முடிச்சுப் போட்டுவிடுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்து நிற்பவை அவை. பிடிமானம் போனால் வரிசை வரிசையாகப் பிரியும்.